சிகாமாட் மாப்பிள்ளை

பெக்கோக்கில் பிரிட்ஜ் நின்றுபோனால் ஹேமநாதனைக் கூப்பிட வேண்டும். ஏர்கோனில் தண்ணீர் சொட்டினாலும் அவன்தான். துணி துவைக்கும் மெஷின் குதித்தாலும் அவன்தான், கோயில் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அவன்தான். ஜொகூர் பாருவில் இதற்கெல்லாம் தனித்தனி ஆள் உண்டு. அங்கே ஏர்கோனைத் தொடுகிறவன் வாஷிங் மெஷினைத் தொட மாட்டான், தொட்டால் அவன் மரியாதை என்னாவது. பெக்கோக் அப்படி ஆளைப் பிரித்துப் பிரித்து வைத்துச் சோறு போடுகிற அளவுக்குப் பெரிய ஊர் இல்லை. இரண்டு வரிசைக் கடை, ஒரு ரயில் நிலையம், ஒரு கோயில், சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், அவ்வளவுதான். ஆகவே ஊரின் அத்தனை ரிப்பேரும் சேர்ந்து ஒரே ஒருவன் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது.

அவனும் ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், சில வருஷம் வேலை பார்த்தவன்தான். பெரிய கம்பெனி, நீலச் சட்டை, சட்டையில் பெயர். சட்டையில் இருந்ததோடு சரி, அந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. “ஏர்கோன் ஆள் வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். போதுமடா சாமி என்று ஒருநாள் வேனில் சாமானைப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் திரும்பி வந்துவிட்டான். வந்ததில் அவனுக்குத் துளி வருத்தமும் கிடையாது. தொழில் நன்றாக ஓடியது, வீட்டுக்கு ஓடு மாற்றினான், வேனும் புதிதாயிற்று. முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. பெண் கிடைக்கவில்லை.

ஆளைப் பார்த்து யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். கூலாயில் ஒரு பெண்ணின் அம்மா, “பெக்கோக்கா? அது எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஸ்கூடாயில் இன்னொரு பெண், அங்கே கிராப் டாக்சி வருமா, சாப்பாடு வீட்டுக்குக் கொண்டு வருவார்களா என்று பணிவாகவே விசாரித்தாள். வராது என்று இவனும் பணிவாகவே சொன்னான். அத்தோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

குளுவாங்கில் இருந்து சம்பந்தம் பேசித் தரும் பேச்சியம்மாளுக்கு இந்த விஷயம் கரதலப்பாடம். தூரத்து உறவில் ஹேமநாதனுக்கு அவர் பெரியம்மா. ஜொகூர் மாநிலத்தில் சின்ன ஊர் ஏகப்பட்டது, காரில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். லாபீஸ் மாதிரிக் கொஞ்சம் பெரிய ஊர் என்றால் இன்னும் சிறிது தூரம் போகவேண்டும். குளுவாங், சிகாமாட், பத்து பஹாட் போல ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் இருக்கிற ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு ஜேபி. இதை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது என்பார் அவர். கல்யாணப் பெண்கள் இந்தப் படியில் மேலேதான் ஏறுவார்கள். பெக்கோக் பெண் லாபீஸுக்கு, லாபீஸ் பெண் சிகாமாட்டுக்கு, சிகாமாட் பெண் ஜேபிக்கு, ஜேபி பெண் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு. ஒரு படி இறங்கச் சொன்னாலே வீட்டில் அழுகை. மூன்று படி இறங்கச் சொல்லி எந்த வீட்டில் போய் அவர் வாயைத் திறப்பார்?

ஆகவே அவர் வழக்கமான வைத்தியத்தைச் செய்தார். ஜேபியில் சாந்தினி என்றொரு பெண், பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அரசாங்க வேலை, வயது முப்பத்து நான்கு. அவள் வீட்டில், மாப்பிள்ளைக்கு சிகாமாட் என்று சொல்லிவிட்டார்.

ஹேமநாதன் பதறிப்போய்ப் போன் செய்தான். பேச்சியம்மாள் அசரவில்லை. “பொய்யா சொன்னேன்? உன் மாவட்டம் சிகாமாட்தானே லா. பாலோக்காரன் குளுவாங்னு சொல்றான், குளுவாங்காரன் கோலாலம்பூர் போனா ஜேபின்னு சொல்றான். யாருப்பா இங்க நெஜமான ஊரச் சொல்றாங்க?” என்றார். அதுவும் நியாயம்தான். நம் ஆட்களிடம் ஊர் கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் இருக்கிற பெரிய ஊரைத்தான் சொல்வார்கள். கேட்கிறவருக்குத் தெரியட்டும் என்று சொல்வதுபோல இருக்கும். பாதி அதுதான், மீதி என்னவென்று சொல்கிறவருக்கே தெரியும்.

முதல் தடவை சாந்தினி பேசும்போதே உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். அவளோ எடுத்த எடுப்பில், வீட்டில் தான் சமைத்த மீன் குழம்பு கரிந்துபோன கதையைச் சொல்லி அவனைச் சிரிக்க வைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கிறவன் எப்படி ஊரை மாற்றிச் சொல்வான்? அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அடுத்த தடவையும் அப்படியே போயிற்று. சில வாரத்தில் அவள் வேலை முடிந்து காரில் ஏறுகிற நேரம் அவனுக்கு மனப்பாடம். நெரிசலில் அவள் கார் ஊர்ந்துகொண்டிருக்க, இவன் யாருடைய வீட்டுக் கூரைக்கடியிலாவது மல்லாந்து படுத்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பான். சிகாமாட்டில் மழையா என்று அவள் கேட்பாள். இவன் அவசரமாகப் போனில் சிகாமாட் வானிலையைப் பார்த்துச் சொல்வான். கேட்டால் சிரிப்பீர்கள், பெக்கோக்கில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழையில் நனைந்தபடி, இங்கே நல்ல வெயில் என்று அவன் சொன்ன நாளும் உண்டு.

அந்த வருஷக் கடைசி மழையில் சிகாமாட்டில் வெள்ளம் வந்தது. சாந்தினி செய்திக்கு மேல் செய்தி அனுப்பினாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, அம்மா எங்கே இருக்கிறார், மருந்தெல்லாம் கைப்பையில் எடுத்து வைத்தீர்களா என்று ஓயாமல் கேட்டாள். எங்கள் பக்கம் மேடு, ஒன்றும் இல்லை என்று அவன் எழுதினான். எழுதிவிட்டு அந்தப் போனைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து தனக்காகக் கவலைப்படுகிறாள். அந்தக் கவலை முழுக்கத் தான் இல்லாத ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதைவிடக் கேவலமாக ஒருவன் நடந்துகொள்ள முடியாது என்று நினைத்தான். நினைத்தானே தவிர, சொல்லவில்லை. சொன்னால் அவள் போய்விடுவாள். அவள் பேசாத ஒரு சாயங்காலத்தை அவனால் யோசித்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

தை பிறந்ததும், மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்று பெண் வீட்டில் நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ராகு காலத்துக்கு வெகு முன்னால், காலையிலேயே. அலமாக், இனி என்ன செய்வது என்று எல்லோரும் கூடி உட்கார்ந்தபோது வழி சொன்னது பேச்சியம்மாள்தான். ஹேமநாதனின் அக்கா புஷ்பராணி வாழ்க்கைப்பட்டிருந்தது சிகாமாட்டில். நல்ல தாமான் குடியிருப்பில் வீடு, வாசலில் மார்பிள். ஒருநாள் அதைக் காட்டினால் போதும், தாலி ஏறிவிட்டால் அப்புறம் ஊரைப் பற்றி யார் பேசப்போகிறார்கள் என்றார். அக்காவின் கணவரும் பிள்ளைகளும் அன்றைக்கு மட்டும் ஊர் சுற்ற ஜாலான்-ஜாலான் போய்விட வேண்டியது. முந்தின நாளே அம்மாவும், மாலை போட்ட அப்பாவின் படமும் பெக்கோக்கிலிருந்து வேனில் சிகாமாட் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை, இப்போது வரவேற்பறையில் ஆணியடித்து மாட்டிவிட்டார்கள். ஹேமநாதன் ஆணியடித்துவிட்டு அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். சாந்தினி, அவள் அப்பா ஜெயபாலன், அம்மா செல்லம். போனில் கேட்ட குரலுக்கு உரியவள் பச்சைப் புடவையில் ஹேமநாதனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஜெயபாலன் வீட்டைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கேசரி வந்தது, வடை வந்தது. கூடவே போனும் வந்தது.

யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டு வந்திருந்தான் அவன். சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள், கேட்டால் பெக்கோக் முழுக்கத் தெரிந்துவிடும். சத்தத்தை அணைத்து மேசையில் வைத்த போன், கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. கோயில் செயலாளர் கூப்பிட்டார், மளிகைக்கடை முதலாளி தவுக்கே கூப்பிட்டார், கோழிக்கடை காளிதாஸ் விடாமல் கூப்பிட்டார். ஹேமநாதன் போனைக் கவிழ்த்து வைத்தான். கவிழ்ந்த போன் வண்டு போல மேசையில் சுற்றியது. தம்பிக்கு வேலை அதிகமோ என்று ஜெயபாலன் சிரித்தார். சாந்தினி சிரிக்கவில்லை, அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் எடுக்காவிட்டால் ஊர்க்காரர்கள் விடுவார்களா? அம்மாவைக் கூப்பிட்டார்கள். அடுக்களையில் இருந்த அம்மாவுக்குப் போன் என்றால் எதிர்முனைக்குக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் என்பது ஒரு கொள்கை. அமைதியாக இருந்த வரவேற்பறையில் அந்தக் குரல் கணீரென்று வந்து விழுந்தது.

“யாரு, காளிதாஸா? நாங்க பெக்கோக்லயே இல்லப்பா. சிகாமாட்டுக்கு மக வீட்டுக்கு வந்திருக்கோம். பிரீசர் நின்னுபோச்சா? சாயந்திரம் வந்து பாப்பான்பா.”

முதலில் சமாளித்தது புஷ்பராணி. அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே, பழைய வீட்டு நினைப்பில் பேசுகிறார் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு வடையை ஜெயபாலன் தட்டில் வைத்தாள். அந்த இடத்தில் ஹேமநாதன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். காரியம் ஒருவேளை நடந்துகூட இருக்கும். ஆனால் அம்மாவைப் புத்தி பேதலித்தவராக்கி ஒரு கல்யாணம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

“அம்மா சரியாத்தான் சொன்னாங்க” என்றான். “இது எங்க அக்கா வீடு. எங்க வீடு பெக்கோக்ல இருக்கு. நான் அங்கதான் இருக்கேன், என் தொழிலும் அங்கதான். முதல் நாளே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

கடைசி வார்த்தைகளை அவன் சாந்தினியைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் முகம் சிவந்திருந்தது. ஜெயபாலன் எழுந்துவிட்டார். ஊரையே மறைக்கிறவன் வேறு எதை மறைக்க மாட்டான் என்று கேட்டார், தரகு பேசிய பேச்சியம்மாளின் பரம்பரையையே இழுத்தார், கார் சாவியைத் தேடினார். ஹேமநாதன், தான் இப்போதே கிளம்ப வேண்டும், மறுநாள் ஒரு கெண்டூரி விருந்துக்குக் கொடுக்க வேண்டிய கோழியெல்லாம் அந்தப் பிரீசரில் இருக்கிறது, ஊரில் வேறு ஆள் கிடையாது என்று மட்டும் சொன்னான். சொல்லும்போதே, தன் வாழ்க்கை கைவிட்டுப் போகிற நேரத்தில் கோழியைப் பற்றிப் பேசுகிறோமே என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை.

சாந்தினி எழுந்தாள். “அப்பா, வீடு பாக்கத்தானே வந்தோம்? பாத்துட்டே போலாம்.”

ஜெயபாலன் மகளை முறைத்தார். அதுவரை வாயே திறக்காத செல்லம் அப்போதுதான் புருஷனிடம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, “பொண்ணு கேட்டு வந்தப்ப நீங்க மட்டும் எங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? குளுவாங்னுதானே? கல்யாணம் முடிஞ்சு லாரில கூட்டிட்டுப்போய் ரெங்கம் தோட்டத்துல இறக்கினீங்க. நான் என்ன, ஓடியா போனேன்?” என்றார். ஜெயபாலன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார்.

வேனில் அம்மா வழி நெடுக அழுதுகொண்டே வந்தார். தான் கத்தியதால்தான் கெட்டது என்றார். கெடவில்லை அம்மா, நல்லதாகப் போயிற்று என்று அவன் சொன்னான். அதை அவனே நம்பவில்லை. பின்னால் அவர்கள் கார் வந்துகொண்டிருந்தது. லாபீஸ் தாண்டியதும் அவன் சாலையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தான். சிறிது தூரத்தில் பெக்கோக் முச்சந்தி. நேராகப் போனால் யோங் பெங், அங்கிருந்து நெடுஞ்சாலை, ஜேபி. இடப்பக்கம் திரும்பினால் செம்பனைக் காடும் பெக்கோக்கும்தான், வேறொன்றுமில்லை. நேராகப் போக வேண்டுமென்று அவர்கள் நினைத்தால் இதுதான் இடம். ஹேமநாதன் இடப்பக்கம் திருப்பிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் வந்த கார் வேகம் குறைந்தது. கொஞ்ச நேரம் ஓரமாக நின்றது. உள்ளே பேச்சு நடந்திருக்க வேண்டும். பிறகு அதன் இடப்பக்க விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது.

அம்மா, பெண்ணின் பெற்றோரை அவர்கள் காரிலேயே வீட்டுக்கு அழைத்துப் போனார். ஹேமநாதன் நேரே கோழிக்கடைக்குப் போய்ப் பிரீசரை இழுத்துத் திருப்பி, பின்பக்கம் மண்டியிட்டான். நல்லவேளை, கம்பிரசர் போகவில்லை, அதைக் கிளப்பிவிடும் சின்ன ரிலேதான் கருகியிருந்தது. சாமான் வேனில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் சாந்தினி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, போன் வெளிச்சத்தை அவன் கைக்குப் பிடித்தபடி நிற்கிறாள். அதற்குள் தெருவே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. காளிதாஸின் மனைவி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். தவுக்கே சைக்கிளை நிறுத்தி, தன் கடை விளக்கைப் பற்றிச் சொல்ல வந்தவர், பச்சைப் புடவையைப் பார்த்ததும் நாளைக்கு வருகிறேன் என்று நாகரிகமாகப் போய்விட்டார்.

“வெள்ளம் வந்தப்ப இங்கயா இருந்தீங்க?” என்று கேட்டாள் சாந்தினி.

ஆமாம் என்றான் அவன்.

“ஊரு சின்னதுன்னு எனக்குக் கோபம் இல்ல. அன்னிக்கு நான் கோயிலுக்குப் போய் சிகாமாட்டுக்காக வேண்டிக்கிட்டேன். அதுதான் மனசு கேக்கல.”

அவன் கையிலிருந்த ஸ்குரூ கீழே விழுந்தது. மன்னிப்புக் கேட்டான். இரண்டு தடவை கேட்டான். பிறகு, வேனில் வரும்போதே முடிவு செய்துவிட்டதைச் சொன்னான். ஜேபிக்கே வந்துவிடுகிறேன், பழைய கம்பெனியில் கேட்டால் வேலை தருவார்கள், உங்கள் வேலைக்கு ஆஸ்பத்திரி வேண்டும், அது இந்த மாதிரி ஊரில் எந்தக் காலத்திலும் வராது, எனக்குத் தெரியும் என்றான். சிகாமாட் ஆஸ்பத்திரி இங்கிருந்து எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஐம்பது நிமிஷம் என்றான். ஜேபியில் காலை நெரிசலில் தன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக அதைவிடக் கூட ஆகிறது என்றாள். எல்லோரும் ஜேபிக்கு மாற்றல் கேட்டு வரிசையில் நிற்கிறார்களாம், ஜேபியிலிருந்து சிகாமாட்டுக்குக் கேட்கிறவருக்குக் கையைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்களாம்.

ரிலேயை மாட்டிச் செருகியதும் பிரீசர் ஒரு குலுக்கு குலுக்கி ஓட ஆரம்பித்தது. காளிதாஸ் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். சாந்தினி வெளிச்சத்தை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒரு நாள் வரலன்னா இன்னொரு ஆளு வந்து எக்ஸ்ரே எடுத்துடும்” என்றாள். “யாரும் எங்கன்னு கேக்க மாட்டாங்க. காலைல உங்க போன் அப்படி அடிச்சிச்சு பாருங்க, எனக்குப் பொறாமையா இருந்திச்சு. நான் இல்லன்னா தேடற மாதிரி ஒரு ஊரு எனக்கும் வேணும்னு நெனச்சேன்.”

ஹேமநாதன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

“ஊரு தேடுமான்னு எனக்குத் தெரியல” என்றான். “நான் தேடுவேன்.”

அவள் போன் வெளிச்சத்தை அணைத்தாள். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாள். இருவரும் நடந்தே போனார்கள், வேன் கோழிக்கடை வாசலிலேயே நின்றது.